அன்புள்ள எஸ்/ஓ அவர்களுக்கு

என் அடையாள அட்டையில் முதலில் என் பெயர், பிறகு எஸ்/ஓ, பிறகு அப்பாவின் பெயர். இன்னாரின் மகன் என்று சொல்ல சிங்கப்பூர்த் தமிழனுக்குக் கிடைத்த இரண்டெழுத்து; மகள் என்றால் டி/ஓ. மனிதர்களுக்கு இது புரியும். கம்ப்யூட்டருக்கு மட்டும் என்ன கேடோ, அதையே என் பெயர் என்று பிடித்துக்கொண்டது.

எல்லாம் தேக்கா தீபாவளிச் சந்தையில் ஆரம்பித்தது. நகைக்கடைக் குலுக்கல் ஒன்றுக்கு அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதி, மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்துத் தொலைத்தேன். வளையல் விழவில்லை. விளம்பரங்கள் விழுந்தன. "டியர் எஸ்/ஓ, உங்கள் வழுக்கைக்கு விடிவு!" "டியர் எஸ்/ஓ, பாலித் தீவு அழைக்கிறது!" வேலை போய் ஐந்து மாதமாக வீட்டில் உட்கார்ந்திருப்பவனைப் பாலித் தீவு எதற்கு ஐயா அழைக்கிறது? ஜூரோங் தொழிற்சாலையை மூடி எங்களை அனுப்பிய பிறகு, கூப்பிட வேண்டியவன் ஒருவனும் கூப்பிடவில்லை. சாங்கியில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கிடங்கு மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். என் வயதுக்கு அதை விட்டால் வேறு கதியில்லை.

'இனி அனுப்ப வேண்டாம்' என்ற பொத்தானை அமுக்கிப் பார்த்தேன். ஆள் உயிரோடுதான் இருக்கிறான் என்று தெரிந்துகொண்டு இரண்டு மடங்காக அனுப்பினார்கள். ஒருநாள் பொறுமை போய்விட்டது. 'டியர் எஸ்/ஓ' என்று தொடங்கும் எதுவும் நேரே குப்பைக்குப் போகும்படி செய்துவிட்டு, மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

"ரொம்பக் கெட்டிக்காரர்தான் போங்க" என்றாள்.

இரண்டு வாரம் நிம்மதி. பிறகு அவளேதான், "சாங்கிக்கு ஒரு போன் போட்டுப் பாருங்களேன்" என்றாள். போட்டேன். எடுத்தது ஒரு தமிழ்ப் பெண்.

"இன்டர்வியூவுக்கு மெயில் அனுப்பினோமே சார். நீங்க ரிப்ளை பண்ணல. வேற ஆள் எடுத்தாச்சு லா."

போனைக் காதில் வைத்தபடியே குப்பையைத் திறந்தேன். வழுக்கைத் தைலத்துக்கும் பாலித் தீவுக்கும் நடுவில் கிடந்தது, 'டியர் எஸ்/ஓ, நேர்முகத் தேர்வுக்கு வரவும்.'

"என் பேர் எஸ்/ஓ இல்லம்மா!"

"தெரியும் சார். எனக்கும் டியர் டி/ஓன்னுதான் வருது. சிஸ்டம் அப்படி. அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது மெயில் வரும், பாத்துக்கிட்டே இருங்க."

மனைவி திட்டியிருந்தால் தேவலாம். "அஞ்சு மாசத்துல வந்தது அது ஒண்ணுதானே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

இப்போது குப்பைக்கு எதுவும் போவதில்லை. தினமும் காலையில் மூட்டுவலிப் பட்டை, பழைய கார், பல் வெளுப்பு என்று ஒன்று விடாமல் கடைசி வரிவரை படிக்கிறேன். யார் கண்டது, எதற்குள் வேலை இருக்கிறதோ. நேற்று 'உங்களுக்கு ஓர் அரிய வாய்ப்பு' என்று ஒன்று வந்தது. "ஏய், இங்க வா!" என்று கத்திவிட்டேன். திறந்தால் மெத்தை, பாதி விலைக்கு.

அதற்குள் அவள் ஈரக் கையோடு ஓடி வந்து, "வந்துடுச்சாங்க?" என்று கேட்டாள்.