காது மடலைத் தடவியவர்

முப்பதுகளில் ஒருநாள் கண்டிக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். கம்பளையில் ஏறி என் எதிரே உட்கார்ந்த மெலிந்த மனிதர் ஒரு பிடில் பெட்டியைத் திறந்தார். உள்ளே பிடில் இல்லை. அவரே வெட்டிச் செய்த சீட்டுக்கட்டு இருந்தது, ஒவ்வொரு சீட்டிலும் ஒரு ஸ்வரம் எழுதி. நான் என் பையை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

"புதுசா ஒரு ஆட்டம் கட்டியிருக்கேங்க. சீட்டைக் கவுத்து வச்சு ஒரு ஸ்வரம் பாடுவேன். சீட்டுல உள்ளதுதானா, இல்ல பொய்யான்னு நீங்க சொல்லணும்."

"காசுக்கோ?"

"சேச்சே. ஆட்டம் சரியா வருதான்னு பாக்கத்தாங்க."

பாடுமுன் ஒவ்வொரு தடவையும் காது மடலைத் தடவினார். புளுகுகிறவனின் கை அது என்று எனக்குப் பட்டது. "பொய்" என்றேன். சீட்டைத் திருப்பினார், உண்மை. பேராதனை வருவதற்குள் ஐந்து முறை பொய் என்றேன். ஐந்தும் உண்மை.

"நீங்கள் பொய் பாடவே மாட்டியளோ?" என்றேன் எரிச்சலோடு.

"பாடத்தாங்க நெனைக்கிறேன். தொண்டை ஒத்துக்க மாட்டேங்குது."

காது மடலைத் தடவியபடியே அதைச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஐந்து முறையும் அந்தக் கை உண்மைக்குத்தான் போனது. ஆனாலும் இதை மட்டும் என்னால் இன்றுவரை நம்ப முடியவில்லை.