கருவாடு சுற்றிய உலகச் செய்திகள்

லைட்ஹவுஸ் குப்பத்தில் உலகம் எங்களுக்கு நாலைந்து வருஷம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. கருவாடு கட்டிக்கொடுப்பதற்காகச் சித்தி வாங்கிவரும் பழைய பேப்பர் கட்டுக்குள், உப்புக்காற்றில் நமத்துப்போய் வரும். மணலில் நெத்திலி காயும்வரை காக்கை விரட்டுவது என் வேலை. விரட்டிக்கொண்டே சித்திக்கு வெளிநாட்டுப் பக்கத்தைப் படித்துக் காட்டுவேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கருத்துச் சொல்லாமல் ஒரு செய்தியையும் விடமாட்டாள்.

ஏதோ ஒரு நாட்டில் இடுப்பளவு பனி கொட்டி ஊரே மூடிப்போனது என்று படித்தால், “கருவாட்ட எங்க காயப்போடுவாங்களோ பாவம்” என்பாள். இன்னொரு நாட்டில் ரயில் ஒரு நிமிஷம் தாமதமானதற்கு அதிகாரி தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டாராம். “நம்ம பொன்னேரி பஸ்ஸு வந்துச்சுனா நாமதான் கும்பிடணும்.” விண்வெளியில் கீரை முளைத்ததென்றால், “தண்ணி யாரு ஊத்துனது?” என்று உண்மையாகவே கவலைப்படுவாள்.

தேதியை நான் பார்த்ததேயில்லை. எனக்கு இதெல்லாம் அன்றைக்கே, குப்பத்தை ஒட்டிய ஏரிக்கு அக்கரையில் நடப்பதாகத்தான் தோன்றும். வெயில் ஏற ஏற ஏரியும் வானமும் ஒட்டிக்கொண்டு நடுவிலிருக்கும் கோடு அழிந்துபோகும். பூநாரைகள் அந்த வெளுப்புக்குள் போய்த்தான் காணாமல் போகும். அங்கேதான் பனி, அங்கேதான் ரயில், அங்கேதான் சித்தப்பாவும் இருந்தார்.

சித்தப்பா வளைகுடாவுக்குப் படகு வேலைக்குப் போனவர். கடல் எல்லை தாண்டிவிட்டார்கள் என்று அவரோடு சேர்த்து எங்கள் குப்பத்து ஆட்கள் நாலு பேரை அங்கே பிடித்து வைத்திருந்தார்கள். ஐந்து மாதமாகப் போன் இல்லை. சித்தி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவாள். அவளை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

ஒருநாள் அந்தத் தலைப்பு கண்ணில் பட்டது: வளைகுடா சிறையிலிருந்த தமிழக மீனவர்கள் விடுதலை. சத்தமாகப் படித்த பிறகுதான் முதன்முறையாகத் தேதியைத் தேடினேன். சித்தப்பா ஊரைவிட்டுப் போவதற்கு மூன்று வருஷம் முந்தையது.

“எப்போ போட்டது பாப்பா?”

கட்டைவிரலால் தேதியை மூடினேன். “போன வாரம் சித்தி.”

“போன வாரமா” என்றாள். வாளைக் கருவாட்டை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள். “இன்னொரு தபா படி.”

அன்று சித்தி தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை. மறுநாள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டாள். தினமும் அதையே படிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். பொய் சொன்ன பயம் இருந்தாலும், அவள் சிரிப்பைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவள்மேல் கோபம். பிடிபட்ட மற்ற மூன்று பேரின் மனைவிகளும் பக்கத்திலேயே வலைக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் அவர்களில் ஒருத்தி வந்து, “எதுனா சேதி வந்துச்சாக்கா?” என்று கேட்டாள். “ஒன்னும் வரலம்மா” என்று சொல்லிவிட்டு, சித்தி அந்தப் பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நல்ல செய்தியை இப்படியா ஒளித்துவைப்பாள், எவ்வளவு சுயநலம் என்று நினைத்தேன்.

சித்தப்பா மறு வருஷம் பொங்கல் கழித்து, மற்ற மூன்று பேரோடும் இளைத்துப்போய் வந்து சேர்ந்தார். “நம்ம பாப்பாதான் மொதல்ல படிச்சி சொல்லுச்சு” என்று சித்தி அவரிடம் சொன்னபோது பெருமையில் நெளிந்தேன். நான்தான் சித்தியை ஏமாற்றிக் காப்பாற்றியதாக ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பழைய பேப்பரை வாங்கிவந்ததே அவள்தான் என்பதும், நான் சொன்ன ‘போன வார’த்தை நம்பியிருந்தால் அன்றைக்கே அந்த மூன்று வீட்டுக்கும் ஓடியிருப்பாள் என்பதும் எனக்கு அப்போது புரியவில்லை.