மாப்பிள்ளை விசாரிக்கிற முறையில் ஒரு ஐஸ் ஹொக்கி ஆட்டம்: மனோர் பார்க்கிலிருந்து ஸ்ட்ரெத்தம் வரை

பிள்ளை விளையாடுவதைப் பார்க்க ஐஸ் ரிங்குக்குப் போக வேண்டும், எப்படிப் போவது, என்ன உடுத்துவது என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். ஐஸ் ஹொக்கியைப் பற்றி எழுத இவளுக்கு என்ன தகுதி என்று மற்றவர்கள் நினைக்கக்கூடும். தகுதி இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில், மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், என் தம்பி மகளின் ஆட்டத்தை எடைபோட்டுச் சொல்வதற்காகவே மனோர் பார்க்கிலிருந்து ஸ்ட்ரெத்தம் போய்வந்தவள் நான். லண்டனின் கிழக்கிலிருந்து தெற்குக்குப் பன்னிரண்டு மைல் சொச்சம். நான் போட்ட எடை சரி என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

என்னை ஏன் கேட்டார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அந்த நாளில் எங்கள் ஆட்களுக்குள் ஒரு சம்பந்தம் பேசினால், மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க அனுப்புவது என்னைத்தான். அதற்கு நான் வைத்திருந்த முறை எளிது. சொல்லாமல் போக வேண்டும். அவருடைய சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூடாது, காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. புகழ்ந்து பேசினால் எந்த லாபமும் இல்லாத ஆளாகப் பார்த்துக் கதை கொடுக்க வேண்டும். ஒரு மாப்பிள்ளையை ஈலிங் பஸ் நிறுத்தத்தில் வைத்தே முடிவுசெய்தேன். பஸ்ஸைத் தவறவிட்டவர், பக்கத்தில் நின்ற கிழவரைப் பார்த்துச் சிரித்தார். அவரைக் கட்டிய பெண் இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறாள்.

என் தம்பி நேசன் அப்போது டூட்டிங்கில் இருந்தான், தபால் பிரிக்கும் இடத்தில் வேலை. அவனுடைய மகள் தர்ஷினிக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒருநாள் ஐஸில் கால் வைத்தவள் பிறகு அதைவிட்டு இறங்கவில்லை. ஆண்பிள்ளைகளோடு ஒரே அணியில் முன்வரிசையில் ஆடினாள், கோல் அடிக்க வேண்டிய இடம் அது. அடுத்த வருடம் வயது கடந்துவிடும், பையன்களோடு ஆட விடமாட்டார்கள். அந்த நேரத்தில் கனடாவில், ரொறன்ரோவில் பெண்கள் அணி ஒன்று அவளை எடுக்கத் தயாராக இருந்தது, பள்ளிக்கூடமும் பார்த்துத் தருவதாகச் சொன்னார்கள். கோச் கட்டாயம் அனுப்புங்கள் என்றார். நேசனுக்குத்தான் மனம் வரவில்லை.

"இந்த வருசம் ஷிப்ட் விழுந்த ஞாயிறுகளைத் தவிர நான் ஒரு மட்ச் விடாமப் போறனான் அக்கா," என்றான். "நல்லா ஓடுறாள். ஆனா கோலுக்குக் கிட்டப் போனோடன மற்றவனுக்குக் குடுத்திடுறாள். கோச் சும்மா புழுகுறாரோ தெரியேல்ல. நீ ஒருக்காப் போய்ப் பாத்துச் சொல்லு. நீ போ எண்டா அனுப்புறன், வேண்டாம் எண்டா விட்டிடுறன்."

போன வருடம் அவனே பிடித்த வீடியோ கசெற்றையும் போட்டுக் காட்டினான். அவன் சொன்னது போலத்தான் இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடினவள், காலைப் பார்த்தால் எனக்குத் தெரியும். காலில் குறை இல்லை. கோலைக் கண்டதும் பிள்ளை ஏதோ விருந்தினருக்கு வழிவிடுவதைப் போல ஒதுங்கிக்கொண்டாள். சரி, பார்த்துச் சொல்கிறேன், ஆனால் நீ வரக்கூடாது, அவளுக்கும் தெரியக்கூடாது என்றேன். அவனுக்கு ஷிப்ட் விழுந்த ஞாயிறாகப் பார்த்துத் தெரிவுசெய்தேன்.

காலை எட்டரைக்கு மனோர் பார்க் ஸ்டேஷனுக்குப் போனால் ரயில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, தண்டவாள வேலை. லண்டனில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாற்று பஸ்ஸில் ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போய், சென்ட்ரல் லைனில் ஒக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸ், அங்கே மாறி விக்டோரியா லைனில் கடைசி நிறுத்தமான பிரிக்ஸ்டன். ஒரு நாள் டிக்கெட் நாலு பவுணுக்குக் கிட்ட வந்ததாக நினைவு. பிரிக்ஸ்டனில் வெளியே வந்து 109ஆம் இலக்க பஸ் எடுத்தேன். காலையில் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே வந்ததால் மாம்பழ நிறத்தில் காஞ்சிபுரம் சேலை, மேலே கார்டிகன், அதற்கு மேலே கோட்டு.

"ஐஸ் ரிங்கில் இறக்கிவிடுவீர்களா?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "இந்த உடுப்போடா ஸ்கேட் பண்ணப் போகிறீர்கள், டார்லிங்?"

"பார்க்கப் போகிறேன்."

"அப்படியென்றால் நீங்கள்தான் இன்றைக்கு அங்கே ஆகப் பெரிய காட்சி," என்று சிரித்தார். இருபது நிமிடத்தில் ஸ்ட்ரெத்தம் ஹைரோட்டில் இறக்கிவிட்டார். அவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதினைந்து வருடமாகச் சேலையோடுதான் ஆளை விசாரித்தேன், ஒருவரும் என்னைக் கவனித்ததில்லை. ஈஸ்ட் ஹாமிலும் சவுத்தாலிலும் சேலை கட்டியவளைத் திரும்பிப் பார்க்க யாருக்கு நேரம்?

ரிங்குக்குள் போனதும் குளிர் பாதத்தில்தான் முதலில் ஏறியது. ஈரமான ரப்பர், வியர்வை, சிப்ஸ் எண்ணெய் எல்லாம் கலந்த ஒரு வாசம். பத்து வரிசைக்கு மேலே போய் ஒரு மூலையில் இருந்தேன். பக்கத்தில் தங்கநிற முடியோடு ஒரு பெண், மடியில் கம்பளி, கையில் ஃபிளாஸ்க். எதிரணியின் கோல் காப்பாளனுடைய தாய் என்று தெரிந்ததும் எனக்கு மெத்தச் சந்தோஷம். விசாரிக்க இதைவிட நல்ல ஆள் கிடைக்காது.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி: ஆட்டம் மூன்று பகுதியாக நடக்கும், ஒவ்வொன்றும் இருபது நிமிடம், நடுவில் இடைவேளை. தோளால் இடிக்கலாம், அளவு மீறினால் இரண்டு நிமிடம் ஓரத்தில் ஒரு கூட்டுக்குள் இருத்திவிடுவார்கள். பந்துக்குப் பதில் 'பக்' என்கிற கறுப்பு ரப்பர் வட்டு. அது கண்ணுக்குப் பிடிபடவே கொஞ்சம் நேரமாகும். பக்கைத் தேடாமல் ஆளைப் பாருங்கள்.

நான் ஆளைப் பார்த்தேன். பார்த்தவள் வாயைப் பிளந்தேன். கசெற்றில் கண்ட பிள்ளை இவள் இல்லை! முதல் மூன்று அடியிலேயே பையன்களைப் பின்னால் விட்டாள். பக்கைக் குனிந்து பார்க்காமல் தலையை நிமிர்த்தி ஓடினாள். கோலுக்கு முன்னால், முதுகில் அடி விழுகிற இடத்தில், இது என் வீடு என்பதுபோல நின்றாள். தன்னைவிட ஒரு முழம் உயர்ந்த பையனைத் தோளால் தள்ளிவிட்டுக் கோல் அடித்தாள். எதிரணியின் ஆட்களோடு இருந்தாலும் எனக்குக் கைதட்டக் கை வந்தது. விசாரணைக்கு வந்தவள் கைதட்டலாமா? கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டேன்.

"அந்தச் சின்னவள் எப்படி?" என்று பக்கத்துப் பெண்ணைக் கேட்டேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"அவளா? பிசாசு," என்றாள். "அவளோடு மட்ச் என்றால் என் மகன் முதல்நாளே காய்ச்சல் என்று படுத்துவிடுவான். போன வருடம் பரவாயில்லை. இந்த வருடம் தாங்க முடியவில்லை."

இதைவிட நற்சான்றிதழ் உண்டா? குறையையும் எழுதத்தான் வேண்டும். இடப்பக்கம் திரும்பும்போது வேகம் விழுந்தது. பக் பறிபோனால் தன் பக்கத்துக்குத் திரும்பி வரச் சுணங்கினாள். திருத்தக்கூடிய குறைகள். இடைவேளைக்கு முன்னமே நான் முடிவெடுத்துவிட்டேன், அனுப்ப வேண்டியதுதான்.

இரண்டாம் பகுதி தொடங்கிச் சில நிமிடத்தில், மாற்று ஆட்கள் இருக்கிற வாங்கில் தண்ணீர் குடித்துக்கொண்டு நிமிர்ந்தவள், என்னைக் கண்டாள். காணாமல் என்ன செய்வாள்? கறுப்பும் சாம்பலுமான ஜாக்கெட்டுகளுக்கு நடுவில், கோட்டுக்குக் கீழே மாம்பழ நிறச் சேலையோடு ஒருத்தி. என் முறை அந்த ஐஸ் ரிங்கில்தான் முதல் தடவையாகத் தோற்றது.

அதன்பிறகு கசெற்றில் கண்ட பிள்ளை வந்துவிட்டாள். இடிக்க வேண்டிய இடத்தில் ஒதுங்கினாள். ஒரு பையனைத் தெரியாமல் தட்டிவிட்டு நின்று மன்னிப்புக் கேட்டாள். கோலுக்கு முன்னால் தனியே பக் கிடைத்தபோதும் தூரத்தில் நின்றவனுக்குத் தள்ளிவிட்டாள். கோச் கையை விரித்துக் கத்தினார்.

"அவளுக்கு என்ன நடந்தது? அடிபட்டுவிட்டதா?" என்று பக்கத்துப் பெண் உண்மையான கவலையோடு கேட்டாள்.

இந்த வருடம் ஷிப்ட் விழுந்த ஞாயிறுகளைத் தவிர நேசன் ஒரு மட்ச் விடாமல் வந்தவன். கசெற்றைப் பிடித்தவனும் அவன்தான். அப்படியென்றால் தன் பிள்ளை உண்மையில் எப்படி ஆடுவாள் என்று அவன் ஒருநாளும் கண்டதேயில்லை. ஐந்து வருடமாக நித்திரை முழித்து, காரில் ஏற்றி இறக்கி, கைவிரல் விறைக்க இருந்து பார்த்தவனுக்கு ஒரு நல்ல பிள்ளை மட்டும்தான் காணக் கிடைத்தது. அவனுக்காக எனக்கு அழுகை வந்தது.

மூன்றாம் பகுதி தொடங்கும்போது கைப்பையை எடுத்துக்கொண்டு, அவள் காணும்படி வாங்குக்குக் கிட்டவாக நடந்து வெளியே போனேன். போய், தேத்தண்ணீர் விற்கிற இடத்துக்குப் பின்பக்கமாகத் திரும்பி வந்து, கதவில் இருந்த கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை, பிசாசு திரும்பி வந்தது. இன்னொரு கோல். ஆனாலும் அவள் அணி ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது. தோற்றதும் மட்டையை ஐஸில் ஓங்கி அடித்தாள், அதையும் நான் அவளுக்குச் சாதகமாகத்தான் எழுதினேன்.

வெளியே பஸ் நிறுத்தத்தில், தன்னைவிடப் பெரிய பையோடு வந்தவள் என்னைக் கண்டு திகைத்தாள்.

"மாமி! நீங்கள் போகேல்லையா? யாரைப் பாக்க வந்தனீங்கள்?"

"உன்னைத்தான்."

"சீரியஸா மாமி? எனக்குப் பதினஞ்சு வயசு!"

நான் வந்தாலே மாப்பிள்ளை விஷயம் என்று குடும்பத்தில் குழந்தைக்கும் தெரியும். சிரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். பிறகு கேட்டேன், "ஏனடி நடுவில அப்பிடி ஆடினனீ?"

பையின் வாரைப் பிசைந்தாள். "நீங்கள் இருந்தீங்கள். எங்கட ஆக்கள் பாத்தா நான் ஒருத்தரையும் இடிக்க ஏலாது மாமி. அப்பா பாத்தாலும் அப்பிடித்தான். ஐ டோன்ட் நோ வை." பிறகு, "அப்பாட்டைச் சொல்லாதேங்கோ. அவர் பாவம்," என்றாள்.

அவளோடு 57ஆம் இலக்க பஸ்ஸில் டூட்டிங் போகும்வரை யோசித்தேன். கண்டதைச் சொல்வதற்குத்தான் என்னை அனுப்பினார்கள். அவள் குளிக்க மாடிக்குப் போனதும், வேலையால் வந்த நேசனையும் அவன் மனைவி, என் மச்சாள் பவானியையும் குசினியில் இருத்திச் சொன்னேன்.

"அனுப்பு. கோச் புழுகேல்ல, அவர் குறைச்சுத்தான் சொல்லியிருக்கிறார். ஆனா அங்க ஸ்கார்பரோவில இருக்கிற பவானியின்ர தங்கச்சி வீட்டில விடாதை. அந்த அணி ஒழுங்குபண்ணுற வீட்டில விடு."

"வெள்ளைக்காரர் வீட்டிலயோ?" நேசன் எழும்பிவிட்டான். "அறையும் ஒதுக்கிப்போட்டினம். சொந்தம் இருக்க என்ர பிள்ளை ஏன் ஆற்றையோ வீட்டில இருக்க வேணும்?"

"சொந்தம் இருந்தா ஒவ்வொரு மட்சுக்கும் வரும். வந்தா அவள் ஆடமாட்டாள்," என்று நான் ரிங்கில் கண்டது முழுவதையும் சொன்னேன். அவன் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. பவானிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அக்கா சொல்லுறது சரி. என்ர தங்கச்சியை எனக்குத் தெரியும்."

நேசன் கதிரையில் இருந்தான். பிறகு மேசையைப் பார்த்தபடி, "அப்ப நான் பாத்ததெல்லாம் அவளில்லையோ அக்கா?" என்று கேட்டான். அந்த ஆவணியில் ஹீத்ரோவில் அவளை ஏற்றிவிட்டோம். அணி பார்த்துக் கொடுத்த வீட்டுக்குத்தான் போனாள்.

இனிப் போகிறவர்களுக்கு. பழைய கட்டடம் இப்போது இல்லை, பக்கத்திலேயே புதிது கட்டியிருக்கிறார்கள். மனோர் பார்க்கில் எலிசபெத் லைன் ஏறி ஃபாரிங்டனில் மாறினால் ஸ்ட்ரெத்தம் ஸ்டேஷனுக்கே ரயில் உண்டு. ஞாயிறு என்றால் தண்டவாள வேலை இருக்கிறதா என்று முதல்நாள் பாருங்கள். இரண்டு சோடி காலுறை, இருக்கைக்குப் போட ஒரு கம்பளி, வீட்டிலிருந்தே ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணீர். கறுப்பு ஜாக்கெட் போடுங்கள், சேலையைக் கல்யாணத்துக்கு வைத்திருங்கள். எதிரணியின் ஆட்களோடு இருங்கள், உண்மை அங்கேதான் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை கூப்பிட்டிருந்தால் போங்கள். கூப்பிடவில்லை என்றால் காத்திருப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை, அதுவும் ஒரு துணைதான்.

நேசன் இரண்டு குளிர்காலம் காத்திருந்தான். ஒருநாள் அவளே போனில், "அப்பா, வாங்கோவன்," என்றாள். லீவு எடுத்துக்கொண்டு அடுத்த கிழமையே பறந்துவிட்டான். மட்ச் முடிந்த கையோடு அங்கிருந்து எனக்குப் போன். பின்னால் ஒரே கூச்சல், அவன் அதற்கு மேலால் கத்தினான்.

"அக்கா! ஒருத்தியை இடிச்சு விழுத்திப்போட்டாள். ரெண்டு நிமிசம் கூட்டுக்குள்ள இருத்திப்போட்டாங்கள். நான் இருக்கிறன் எண்டு அவளுக்குத் தெரியும் அக்கா, முதல்லயே கை காட்டினவள். என்னைப் பாத்துக்கொண்டுதான் இடிச்சவள்!"