கிரே மெலாஞ்ச், ஒரே பீஸ்

பொங்கியண்ணன் டென்னிசுக்குள் நுழைந்தது அக்குள் வழியாக. சொன்னால் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒன்பது வருடங்களுக்கு முன்னால், அவர் கட்டிங் மாஸ்டராக இருக்கும் வீரபாண்டி கம்பெனிக்கு டென்னிஸ் டி-சர்ட் ஆர்டர் ஒன்று வந்தது. கையைத் தூக்கினால் சட்டை வயிற்றுக்கு மேல் ஏறக் கூடாது என்று வெளிநாட்டுக்காரர்கள் ஒரே பிடிவாதம். மூன்று சாம்பிள் போனது, மூன்றும் திரும்பி வந்தது. சர்வீஸ் போடுகிறவன் கை எவ்வளவு உயரம் போகும் என்று தெரியாமல் அக்குளை எங்கே என்று வெட்டுவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் சேனல் சேனலாகத் தேடி ஒரு மேட்சைப் பிடித்தார். ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்தவர், முதல் செட் முடிவதற்குள் இரண்டையும் கீழே வைத்துவிட்டார். நான்காவது சாம்பிள் ஓகே ஆகி, ஆர்டர் முடிந்து, கன்டெய்னர் ஏறிப் போனது. டென்னிஸ் மட்டும் போகவில்லை.

இப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. பேச்சு குறைவு. அடுக்கடுக்காக விரித்த துணிமேல் கட்டிங் மெஷினை ஓட்டுகிறவனுக்கு வாயில் என்ன வேலை என்பார். பேசினாலும் துணி பாஷைதான். வானம் மூடியிருந்தால் 'சார்கோல்' என்பார். மனைவி மயிலாள் புதுச்சேலை கட்டி வந்து நின்றால், நன்றாயிருக்கிறது என்று சொல்ல வராது. "சாயம் நல்லா ஏறியிருக்குது" என்பார். இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் மயிலாளுக்கு அது போதுமானதாக இருந்தது.

டென்னிசுக்கு அவருக்கு நெருங்கிய கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருத்தி தரணி, அதே கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் போட்டுப் போட்டு விரல் தேய்ந்த பெண். இன்னொருவன் முனீஸ், அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து வருடமாகத் திருப்பூரில் இருக்கும் பிளாட்லாக் தையல் மெஷின் ஓட்டும் டெய்லர். ஞாயிறு காலையில் மூவரும் பேக்கரியில் கூடுவார்கள். ஆட்டக்காரர்களை நாட்டுப் பெயரால்தான் சொல்வார்கள், பையர்களைச் சொல்வதுபோலவே. "இத்தாலி நேத்து கடைசி நேரத்துல சொதப்பிட்டான்" என்று முனீஸ் ஒருநாள் சத்தமாகச் சொல்ல, பக்கத்து டேபிள்காரர் டீயை வைத்துவிட்டு, "ஏனுங்க, ஆர்டர் கேன்சலுங்களா?" என்று பதறிய கதையும் உண்டு.

ஜனவரி வந்தால் அவர்கள் முகமே தெளிந்துவிடும். ஆஸ்திரேலியாவில் ஆட்டம் தொடங்கினால் இங்கே விடியற்காலையிலேயே பார்க்கலாம்.

"ஆஸ்திரேலியா முடிஞ்சா மார்ச்ல அமெரிக்கா. ஏப்ரல்ல செம்மண்ணு" என்றாள் தரணி, வருடத்தின் அட்டவணையை விரல்விட்டுச் சொல்வதுபோல.

"செம்மண்ணுல ஆடுறவனோட சாக்ஸை எவன் தொவைக்கிறான்னு தெரியல. பாவம்ணே அவன்" என்றான் முனீஸ்.

"எனக்குப் புல்லுத் தரைதான் புடிக்குது" என்றார் பொங்கியண்ணன். "அத்தனை பேரும் ஒயிட்டு. ஷேடு மேட்சிங் தொல்லையே இல்லீங்."

டென்னிஸ் தீர்ந்தால் பேச்சு வளர்ப்புப் பிராணிகளுக்குப் போகும். முனீஸின் நாய்க்கு அம்பயர் என்று பெயர். பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தாலும் குரைக்கும், உள்ளே விழுந்தாலும் குரைக்கும். தரணி இரண்டு லவ்பேர்ட்ஸ் வைத்திருந்தாள். சேர்ந்தே இருக்கும், சேர்ந்தே சண்டை போடும் என்பதால் மிக்ஸட் டபுள்ஸ்.

பொங்கியண்ணனிடம் இருந்தது ஒரு பூனை. சாம்பலில் வெள்ளை இழை கலந்த நிறம், பனியன் பாஷையில் கிரே மெலாஞ்ச். டென்னிசில் இரண்டு பேரும் நாற்பது நாற்பது என்று சமமாக நின்றுவிட்டால் டியூஸ் என்பார்கள். அடுத்து யார் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. இந்தப் பூனையும் அப்படித்தான். வாசற்படியில் நின்று, உள்ளே வருவதா வெளியே போவதா என்று கால் மணி நேரம் யோசிக்கும். டியூஸ் என்று பெயர் வைத்தார். மயிலாள் வாயில் அது டூசு.

மேட்ச் நடக்கும்போது டூசு அவர் மடியில் உட்கார்ந்து, பந்து போகும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பும். அவரும் திருப்புவார். சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "ரெண்டு தலையும் ஒரே ஸ்க்ரூவுல ஓடுது பாரு" என்று மயிலாள் சிரிப்பாள்.

இந்த வருட ஆஸ்திரேலிய ஃபைனலுக்கு முந்தைய நாள், சனிக்கிழமை, டூசைக் காணவில்லை.

அது நிறைமாதச் சினை. இன்றைக்கோ நாளைக்கோ என்று வயிறு தொங்கிக்கொண்டிருந்தது. மயிலாள் ஒரு கூடையில் தன் பழைய சேலையை மடித்துப் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தயாராக வைத்திருந்தாள். அதை டூசு முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மதியம் சாப்பிட வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. வீட்டுக்குக் கீழே இருந்த சின்ன பனியன் யூனிட்டிலும் சம்பளம் போட்டு, பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பொங்கியண்ணன் வீரபாண்டியில் தெருத்தெருவாக நடந்தார். சாக்கடை ஓரம், செப்டிக் டேங்க் மூடி, நின்றிருந்த வேன்களின் அடி எல்லாம் குனிந்து பார்த்தார். கூப்பிட்டுத் தேட அவருக்குக் கூச்சம். நாலு பேர் முன்னால் "டியூஸ், டியூஸ்" என்று எப்படிக் கத்துவது? இருட்டும் நேரத்தில், யாரும் இல்லாத ஒரு சந்தில் மட்டும் மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தார்.

ஞாயிறு காலையில் தரணிக்குப் போன் போட்டார்.

"கவலைப்படாதீங்க மாஸ்டர். அது எப்படி இருக்கும்னு அடையாளம் எழுதி நம்ம டென்னிஸ் வாட்ஸப் குரூப்ல போடுங்க. நான் படம் சேத்து எல்லாத்துக்கும் அனுப்பறேன்" என்றாள் அவள்.

அடையாளம் எழுதுவதற்கு அவருக்குத் தெரிந்தது ஒரே பாஷைதான். டென்னிஸ் குரூப்பில் எல்லோருக்கும் டூசைத் தெரியும், அதனால் பூனை என்று தனியாகச் சொல்லவும் தோன்றவில்லை. கண்ணாடி எங்கே என்று தேடப் பொறுமையில்லாமல், கண்ணைச் சுருக்கிக்கொண்டு தட்டினார்:

'கிரே மெலாஞ்ச். நெக்கும் நாலு கஃபும் ஒயிட். லெப்ட் காதுல ஒரு ஹோல். ஒரே பீஸ். ரொம்ப அவசரம். இருந்தா உடனே போன் பண்ணவும். பொங்கியண்ணன், கட்டிங் மாஸ்டர்.'

ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது. புது நம்பர்.

"மாஸ்டருங்களா? கிரே மெலாஞ்ச் கேட்டிருந்தீங்கல்லொ. நம்மகிட்ட இருக்குதுங்க."

பொங்கியண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "இருக்குதுங்களா! நல்லா இருக்குதுங்களா?"

"பிரஷ்ஷா இருக்குதுங்க. என்ன சைஸ் வேணும்?"

"சைஸுங்களா… மூணரைக் கிலோ இருக்குமுங்க."

"ஓ, கிலோ கணக்குல எடுக்கறீங்களா? அப்ப காலரா, ரவுண்ட் நெக்கா?"

"காலரெல்லாம் கட்டலீங்க. ஊட்ல சும்மாதான் உட்டிருந்தோம்."

"மாஸ்டரு, நீங்க சாப்புட்டுட்டு நிதானமா கூப்புடுங்க" என்று அந்தப் பக்கத்துக்காரர் போனை வைத்துவிட்டார்.

வைத்ததும் அடுத்த கால். ஒருவர் துணியின் கனம் என்ன, எத்தனை ஜிஎஸ்எம் என்று கேட்டார். ஒருவர் சாம்பல் இல்லை, நேவி புளூ தரட்டுமா என்றார். இன்னொருவர் இந்தியில் ஏதோ கேட்டார். 'பீஸ்' என்ற ஒரு சொல் மட்டும் புரிந்தது. "காதுன்னா என்னங்க, அது புது மாடலுங்களா?" என்று ஒருவர் மிகுந்த மரியாதையோடு விசாரித்தார். அப்போதுதான் மயிலாள் கண்ணாடியைக் கொண்டுவந்து நீட்டினாள். போட்டுப் பார்த்தார். 'திருப்பூர் டென்னிஸ்' என்ற குரூப்பில் பதினோரு பேர். அவர் செய்தி போய் விழுந்திருந்தது அதற்கு மேலே இருந்த 'திருப்பூர் ஸ்டாக் லாட்' குரூப்பில். அங்கே மிச்சச் சரக்கை மொத்தமாக வாங்கி விற்கும் நானூறு வியாபாரிகள்.

தரணிக்கு விஷயம் தெரிந்து, சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "டெலீட் பண்ணீருங்க மாஸ்டர்" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு.

அழிக்க விரல் போனது. போன விரல் நின்றது. நானூறு பேரும் காதர்பேட்டை பனியன் சந்தையிலும் வீரபாண்டியிலும் ஊர் முழுக்கவும் கடையும் குடோனுமாக இருப்பவர்கள். மூட்டைச் சந்துகளில் பூனைகளோடு வாழ்கிறவர்கள். ஒருவர் கண்ணிலாவது பட்டிருக்கலாம். ஆனால் தெருவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடக் கூசினவர், அந்த நானூறு பேரிடம் எப்படிச் சொல்வது? முப்பது வருட மாஸ்டர், பூனைக்காக அழுகிறார் என்பார்கள். சொல்லட்டும் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணம் போவதற்குள் தட்டி அனுப்பிவிட்டார்:

'மன்னிக்கவும். அது துணி இல்லீங்க. பூனை. சினையா இருக்குது. நேத்துல இருந்து காணோம்.'

சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. 'எக்ஸ்போர்ட் குவாலிட்டிங்களா?' என்று ஒருவர். 'வாஷ் பண்ணினா சுருங்குமா?' என்று இன்னொருவர். பொங்கியண்ணன் போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மயிலாள் டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

பன்னிரண்டு மணி வாக்கில் ஒரு கால்.

"மாஸ்டருங்களா? நான் காதர்பேட்டை ஆத்தப்பன் பேசறனுங்க. ஸ்டாக் லாட் குடோன்."

"துணி வேண்டாமுங்க" என்றார் பொங்கியண்ணன் அலுப்பாக.

"துணியில்லீங்க சாமி. நேத்து உங்க வீரபாண்டியில இருந்து சின்ன லோடு வண்டி, ஏஸ் வண்டியில செகண்ட்ஸ் மூட்டை, கழிச்சுப்போட்ட டி-சர்ட்டு, வந்துது. இப்பத்தான் அதுக்குள்ளாற என்னமோ சத்தம் கேக்குதுன்னு பாத்தனுங்க. சாம்பல் உடம்பு, வெள்ளைக் கழுத்து, நாலு காலும் வெள்ளை. காதுல ஓட்டை. எல்லாஞ் செரியா இருக்குது. ஒண்ணே ஒண்ணுதான் தப்பு."

"என்னுங்க?"

"ஒரே பீஸ்னு போட்டிருந்தீங்கல்லொ. இங்க நாலு இருக்குதுங்க."

கீழே யூனிட்டில் லோடு ஏற்றியபோது எந்த மூட்டைக்குள் புகுந்து தூங்கியதோ! பொங்கியண்ணன் வண்டியை எடுத்தார். பின்னால் மயிலாள், மடியில் சேலை போட்ட கூடையோடு. தரணியும் முனீசும் நேராகக் குடோனுக்கே வந்துவிட்டார்கள்.

"மாஸ்டரண்ணே, டியூஸ்ல இருந்து ஏஸு! இந்த மாதிரி ஆட்டத்த ஆஸ்திரேலியாவுலகூட பாக்க முடியாதுண்ணே" என்று முனீஸ் வாசலிலேயே கத்தினான். எதிராளி தொடக்கூட முடியாத சர்வீசுக்கும் டென்னிசில் ஏஸ் என்றுதான் பெயர்.

குடோனுக்குள் கூரை தொட மூட்டைகள். ஒரு மூட்டையின் வாய் அவிழ்ந்து, தையல் கோணிப்போன குழந்தை டி-சர்ட்டுகளுக்கு நடுவில் டூசு கிடந்தது. வயிற்றோரம் மூன்று ஈரக் குட்டிகள், கண் திறக்காமல், ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு. பொங்கியண்ணன் மெதுவாகக் குந்தினார். டூசு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய் என்பதுபோலிருந்தது. அவர் ஒரு விரலால் அதன் நெற்றியைத் தடவினார். ஓட்டைக் காது அசைந்தது.

மயிலாள் கூடையைப் பக்கத்தில் வைத்தாள். ஆத்தப்பன் தடுத்தார். "இப்பத் தொட்டுத் தூக்குனா தாய் மிரண்டுக்கும். குட்டிய வாயில கவ்வீட்டு எந்தச் சந்துல போயி ஒளிச்சு வெக்குமோ. கண்ணு தொறக்கட்டும், பத்து நாளு இங்கியே கிடக்கட்டும்."

"மூட்டை விக்கணுமல்லொங்க?" என்றார் பொங்கியண்ணன்.

"அதப் பத்தி நீங்க ஏனுங்க கவலைப்படறீங்க? இது பெறந்த ஊடாயிருச்சு."

மணி இரண்டாகிவிட்டது. ஃபைனல் ஆரம்பிக்கும் நேரம். தரணி தன் போனை ஒரு மூட்டைமேல் சாய்த்து வைத்தாள். அளவு பார்த்துக் கட்டிய மூட்டைகள் உட்கார வசதியாக இருந்தன. ஆத்தப்பன் டீ சொல்லி அனுப்பினார். டென்னிஸ் ஒன்றும் தெரியாதவர், ஆனால் சும்மா இருக்க முடியாதவர்.

"இதுல எவன் நம்மாளு?" என்று கேட்டார்.

"நெருங்கித் தோக்கறவந்தானுங்க எப்பவும் நம்மாளு" என்றாள் தரணி.

"அந்தப் பையன் சட்டையைப் பாருங்க" என்று பொங்கியண்ணன் திரையைத் தொட்டுக் காட்டினார். "கையத் தூக்கும்போது ஏறவே இல்ல பாருங்க. அக்குளை எறக்கி வெட்டியிருக்கறாங்க. நல்ல கை." காலையில் இருந்து அவர் பேசிய முதல் நீளமான பேச்சு அது.

இரண்டாவது செட்டில் கேரளத்திலிருந்து ஒரு வியாபாரி வந்தார். குழந்தை டி-சர்ட், செகண்ட்ஸ், மொத்தமாக வேண்டும் என்றார். சுற்றிப் பார்த்து, வாய் அவிழ்ந்த மூட்டையைக் காட்டி, இதை எடுக்கலாமா என்று கேட்டார்.

"அது புக் ஆயிருச்சுங்க" என்றார் ஆத்தப்பன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பொங்கியண்ணன் திரும்பி மூட்டையைப் பார்த்தார். மூன்று குட்டிகளும் பால் குடித்துக்கொண்டிருந்தன. நடுவில் இருந்ததற்கு முதுகில் இரண்டு கறுப்புக் கோடு. அச்சடித்ததுபோல நேராக, சமமாக.

"மயிலா, அந்த நடுக்குட்டியப் பாத்தியா? சாயம் நல்லா ஏறியிருக்குது" என்றார்.

மயிலாள் மூட்டை அருகே குனிந்து பார்த்தாள். "ஆமாங்க. அத மட்டும் யாருக்கும் குடுக்க வேண்டாம்" என்றாள்.