ஆறு ஷார்ப் பக்கம்

எங்கள் இசைப்பள்ளியில் ஐந்து பியானோக்கள். ஆண்டுக்கு இரண்டு முறை டியூனர் வந்து எல்லாவற்றுக்கும் சுருதி கூட்டுவார். முப்பத்தோரு ஆண்டுகளில் ஐந்துக்கும் சேர்த்து முந்நூற்றுப் பத்து முறை. ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் "பன்னிரண்டு சுருதியும் சரி" என்று எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கியவன் அலுவலக எழுத்தரான நான்.

ஓர் இசைக்கவை, கம்பியை முறுக்க ஒரு சாவி. மிச்சமெல்லாம் அவருக்குக் காதுதான். யாராவது கரண்டியால் குவளையைத் தட்டினால் அது என்ன ஸ்வரம் என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வாய் சாப்பிடுவார். "நான் கூப்பிட்டா மட்டும் காது கேக்காதுங்க" என்பார் அவர் மனைவி.

அவருடைய அறுபத்திரண்டாம் வயதில் புதிய ஆசிரியை ஒருவர் வந்தார். பள்ளிக் கச்சேரிக்கு முந்நூறு ஆண்டுப் பழைய பிரிலூட் என்ற முன்னிசை ஒன்றையும் அதைத் தொடரும் ஃபியூகையும் எடுத்தார். ஒரு குரல் மெட்டைத் தொடங்க, அடுத்த குரல் அதையே பிடித்துக்கொண்டு துரத்துவது ஃபியூக். சுருதி எஃப் ஷார்ப் மேஜர். ஆறு ஷார்ப், அதாவது அரைப்படி ஏற்றிய ஆறு ஸ்வரங்கள்; பெரும்பாலும் கறுப்புக் கட்டைகள். எங்கள் பள்ளியில் அதுவரை யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. வாசித்துப் பார்த்த ஆசிரியை முகம் சுளித்தார். அன்றே முதல்வருக்கு எழுதினார்: டியூனருக்குக் காது மந்தம். வெள்ளிக்கிழமைக்குள் தக்க காரணம் சொல்லாவிட்டால் வேறு ஆள் என்றார் முதல்வர்.

டியூனர் வியாழன் காலை கச்சேரிக் கூடத்துக்கு வந்தார்.

"வாசிங்கம்மா."

அரைப் பக்கம் கேட்டதும் கை காட்டி நிறுத்தினார். "ஏ ஷார்ப் கொஞ்சம் மேல எட்டி நிக்குது. அதுதானே?"

"உங்களுக்குக் கேக்குதா?"

"நான் வச்ச இடம், எனக்குக் கேக்காதா?"

"மழை ஈரம்னு சொல்லிடுங்க" என்று அவர் காதோரம் முணுமுணுத்தேன். முதல்வர் நம்பியிருப்பார். டியூனர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"பன்னிரண்டையும் சமமா வைக்கணும்னுதான் ஒப்பந்தம். அப்படி வச்சா எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பிசகும்மா. இங்க வாசிக்கிறது சி, ஜி, எஃப். அதெல்லாம் தேனா இருக்கட்டும்னு பிசகை வாரி ஆறு ஷார்ப் பக்கம் கொட்டிட்டேன். அங்க யார் வரப்போறான்னு நெனச்சேன். நீங்க வந்துட்டீங்க."

"முப்பது வருஷமாவா ஐயா?"

"முப்பத்தொண்ணு. காதுல குறையில்ல, செஞ்சதுலதான் குறை. அப்படியே எழுதிக்குடுங்க."

ஆசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்ப சரிபண்ண முடியுமா?"

"ஏ ஷார்ப்பை இறக்கலாம். பிள்ளைங்க வாசிக்கிற பி ஃப்ளாட்டும் அதே கட்டைதானே, அங்க கொஞ்சம் கசக்கும்."

"பாதி இறக்குங்க. ஆளுக்குப் பாதி."

ஒன்பது நாற்பதுக்குத் தொடங்கி, பன்னிரண்டே காலுக்கு முடித்தார். ஆசிரியை ஃபியூகை வாசித்தார். ஓரத்தில் சின்னக் கூர்மை மிச்சமிருந்தது. அது இருக்கட்டும் என்றார். டியூனர் சாவியைப் பிடித்தபடி நின்றுகொண்டே கேட்டார். அந்தச் சுருதியில் ஒரு முழுப் பாட்டை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை.

"இன்னொரு தரம் வாசிங்கம்மா" என்றார்.

மறுநாள் ஆசிரியை தம் கடிதத்தைத் திரும்பப் பெற்று, நடந்ததை எழுதிக்கொடுத்தார். முதல்வர் டியூனரை அனுப்பவில்லை. ஆனால் நான்கு பியானோக்களை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, கூடத்துப் பியானோவை மட்டும் அவரிடம் விட்டார்.

"நியாயம்தான்" என்று சொல்லிவிட்டுக் கச்சேரிக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டார் டியூனர்.