நான் கழற்றி வைத்த மாலை

ஆண்டவரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். திண்டுக்கல்லில் குடிமறுவாழ்வு இல்லம் நடத்திய எனக்குக் குடிகாரர்களைக் கண்டால் குமட்டும். வாந்தி நாற்றம், எச்சில் வழியும் வாய், கூசாமல் சொல்லும் பொய். "எங்காத்தா மேல சத்தியம்க்கா, இனித் தொடமாட்டேன்" என்று எவனாவது கையைப் பிடித்தால், உள்ளே போய்ச் சோப்புப் போட்டுக் கழுவுவேன். ஊரோ என்னை அன்னை என்றது. அது அதைவிட அருவருப்பு.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மார்கழி. தொப்பம்பட்டிப் பக்கம் தக்காளி போடும் பழனிச்சாமியை அவர் மனைவி ஈஸ்வரி கூட்டி வந்தார். ஏற்கெனவே இரத்த வாந்தி எடுத்தவர். மறுபடி குடித்தால் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கழுத்தில் முருகனுக்குப் போட்ட மாலை, தைப்பூசம் வரை விரதம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கொஞ்ச நாள் சாமி வேஷம், மாலையைக் கழற்றிய அன்றைக்கே சாராயம். எத்தனை பேரைப் பார்த்தாயிற்று!

கழுத்தை நெரித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, சேருகிறவர்களின் கயிறு, சங்கிலி எல்லாவற்றையும் வாங்கி வைப்பது எங்கள் வழக்கம். மாலையைத் தொட்டபடி அவர் தயங்கினார். "ம், கழட்டுங்க" என்று கை நீட்டினேன். வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் காலை பால்காரருக்குக் கேட்டைத் திறந்த நேரத்தில் ஆள் ஓடிவிட்டார். செய்தி கேட்டு வந்த ஈஸ்வரி, மாலை என் அலமாரியில் இருப்பதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்கக்கா, மாலை போட்டதுல இருந்து அவரு ஒரு சொட்டுத் தொடலீங்க. பூசம் முடிஞ்சு கழட்டுனா என்ன ஆகுமோன்னு பயந்துதானுங்க இங்க கூட்டியாந்தேன். கழட்டுனா விரதம் முடிஞ்சுதுன்னு அர்த்தமுங்க. நீங்களே முடிச்சு வச்சுட்டீங்களே!"

என் செபமாலையை எவளாவது அப்படிப் பிடுங்கியிருந்தால் சும்மா விட்டிருப்பேனா? அன்றைக்கு முதல்முறையாக என்மேலேயே எனக்குக் குமட்டியது.

இரண்டு நாள் தேடினோம். பஸ் ஸ்டாண்டிலும் சாராயக்கடைப் பின்புறங்களிலும் கவிழ்ந்து கிடந்தவர்களை ஒவ்வொருவராகப் புரட்டி முகம் பார்த்தேன். பிறகு மாதா கோவிலில் முழந்தாளிட்டேன். அழகாக மன்றாட வரவில்லை. "ஆண்டவரே, எனக்கு இவர்கள்மேல் பாசமில்லை. ஆனால் என் திமிருக்கு அந்த மனுஷன் உயிர் போக வேண்டாம். உயிரோடு கொடும். நானே கழுவி எடுக்கிறேன்" என்றேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேட்டியெல்லாம் மலமும் வாந்தியும். "மாலையக் குடுத்துருங்கக்கா, இல்லாட்டி செத்துருவேனுங்க" என்றார்.

வேலையாளைக் கூப்பிட வாயெடுத்தேன். சொன்ன சொல் தடுத்தது. ஈஸ்வரி தண்ணீர் ஊற்ற, நான் கழுவினேன். இரண்டு தடவை ஓங்கரித்தேன். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

டாக்டர் வந்து பார்த்தார். பழனிச்சாமி பிழைத்துக்கொண்டார். மாலையை நான் எடுத்துக் கொடுத்தால் செல்லாது, குருசாமிதான் போட வேண்டும் என்றார்கள் புருஷனும் பெண்டாட்டியும். அவர்கள் ஊர்க் குருசாமியை வரவழைத்தேன். சுவரில் சிலுவை தொங்கும் எங்கள் கூடத்தில், சூடம் ஏற்றி, அவர் மாலை போட்டார்.

"பூசத்துக்கு அப்புறம் என்னங்கய்யா செய்றது?" என்று கேட்டேன்.

"நான் கழட்டுனாத்தானுங்கம்மா விரதம் முடியும். இவருக்கு நான் கழட்டப் போறதில்லீங்க" என்றார் அவர்.

அத்தனை வருஷம் ஆலோசனை சொல்லியும் எனக்குத் தோன்றாத வைத்தியம் அது. கேட்ட உயிரை ஆண்டவர் கொடுத்தார், அதைக் காக்கிற வழியையும் ஒரு குருசாமி வாயால் கொடுத்தார். பழனிச்சாமி அதற்குப் பிறகு குடிக்கவேயில்லை. நானும் மாறினேன். எதை மீற உங்களுக்கு மனசு வராது என்பதுதான் இப்போது வருகிறவர்களிடம் என் முதல் கேள்வி. பேகம்பூர்க்காரர் நோன்பு என்றால் விடியுமுன்னே ஸஹர் சாப்பாடு தயார்.

குமட்டல் மட்டும் போகவில்லை. தினமும் அதைச் சொல்லித்தான் செபிக்கிறேன். யாரையோ பார்த்து மூக்கைப் பொத்துகிற சகோதர சகோதரிகளே, நீங்களும் அதைப் புனிதமான வார்த்தைகளால் மூடாமல் அப்படியே ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவர் உங்களைப் பார்த்து மூக்கைப் பொத்த மாட்டார்.