அவள் சொல்லாத ஆமென்

நான்கு வருடங்களுக்கு முன், கள்ளிக்குப்பத்தில் எங்கள் வாடகை வீட்டு ஹாலில், சாப்பாட்டுக்கு முந்தைய குடும்ப ஜெபத்தின்போது நடந்தது இது.

எனக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தரப் பரிசோதகர் வேலை. அதாவது, அடுத்தவர் செய்த போல்ட்டில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். என்னிடம் இருக்கும் குறைகளை என் மனைவி இலவசமாகவே கண்டுபிடித்துவிடுவாள். கல்யாணமாகிப் பதினான்கு வருடம் ஆகியும் எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்த ஒரு அக்கா, பெற்றோரால் தற்சமயம் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளைச் சில காலம் வீட்டில் வைத்து வளர்ப்பது பற்றிப் பேசினார். ஆராதனை முடிந்ததும் முதல் ஆளாக ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தேன். பிரியாணி வரிசையைத் தவிர வேறு எதற்கும் நான் முதலில் போய் நின்றதில்லை.

குழந்தைகள் நல அதிகாரிகள் வந்து பாத்ரூம் தாழ்ப்பாள் வரை பார்த்தார்கள். கடைசியில் ஒரு மேடம் தெளிவாகச் சொன்னார்.

"சார், இது தத்து கிடையாது. அம்மாவுக்கு உடம்பு சரியானதும் பாப்பா திரும்பிப் போயிடும். அவங்க சாமி அவங்களுக்கு, அதுலயும் கை வைக்கக் கூடாது. சம்மதமா?"

"ரொம்பச் சம்மதம் மேடம்" என்றேன். அவ்வளவு சுலபமாக ஒரு போல்ட்டைக்கூட நான் பாஸ் செய்ததில்லை.

வந்தவளுக்கு ஏழு வயது. திருவேற்காட்டுப் பக்கம். அப்பா எப்போதோ விட்டுப் போய்விட்டார். வீட்டு வேலை செய்து அவளை வளர்த்த அம்மா, காசநோய் முற்றி ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒரு பள்ளிக்கூடப் பை, பென்சில் பாக்ஸின் உள்பக்கம் ஒட்டிய அம்மன் படம், இவ்வளவுதான் அவள் கொண்டுவந்தது. முதல் மூன்று வாரம் கட்டிலுக்கு அடியில்தான் தூங்கினாள். இட்லியில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்தாள். எறும்பு வந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. கேட்டால், "எங்கம்மா வந்தா குடுக்கத்தான்" என்றாள். மனைவி அடுப்படிக்குப் போய் அழுதாள். நான் எறும்புப் பொடி வாங்கி வருவதாகச் சொல்லித் தெருவுக்குப் போய் அழுதேன்.

மெல்ல மெல்லப் பழகினாள். ஜெபத்துக்கு நாங்கள் அவளை அழைக்கவில்லை. பாட்டு பிடித்துப்போய் அவளாகவே வந்து உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் ஜெபம் நான்தான் செய்வேன். கொஞ்சம் நீளமாகச் செய்வேன். "ஏங்க, ஆண்டவருக்கே கொட்டாவி வந்துடும், முடிங்க" என்பாள் மனைவி. பாப்பா வேறு மாதிரி கேட்பாள்.

"இன்னா அங்கிள், இன்னைக்கு பெருசா, சின்னதா? பசிக்குது."

முடிந்ததும், எதிர்வீட்டுக்கே கேட்கிற மாதிரி "ஆமென்!" என்று கத்துவாள். அடுத்தது சோறு அல்லவா! ஆனாலும் அந்தச் சத்தத்துக்காகவே வேலையிலிருந்து சீக்கிரம் வீட்டுக்கு வரத் தொடங்கினேன்.

எட்டாவது மாதம் மேடம் போன் செய்தார். அம்மா குணமாகிவிட்டார், இன்னும் ஒரு மாதத்தில் பிள்ளையை ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்றார். "ரொம்ப சந்தோஷம் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அன்று என் கையில் வந்த நல்ல போல்ட்டுகளையும் சேர்த்துத் தள்ளுபடி செய்ததாகப் பிறகு சூப்பர்வைசர் திட்டினார்.

அன்று மாலை முழங்காலில் நின்று உருகினேன். எங்கள் சபையில் ஜெபம் செய்யப் பழகிய யாருக்கும் சில வாக்கியங்கள் யோசிக்காமலே வரும். எனக்கும் வந்தன.

"கர்த்தாவே, இந்தப் பிள்ளையை எங்களுக்கே தந்தருளும். எல்லாத் தடைகளையும் அகற்றிப்போடும்."

ஆமென் என்றேன். மனைவி சொல்லவில்லை. பாப்பாவும் சொல்லவில்லை. கண்ணைத் திறந்தால், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், தடைன்னா எங்கம்மாவா?"

அவள் எழுந்து போய்ப் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு வாசல் கதவோரம் உட்கார்ந்துவிட்டாள். தட்டில் அவளுக்குப் பிடித்த முட்டைப் பொரியல் ஆறிக்கொண்டிருந்தது.

"நான் டெய்லி எங்கம்மா வரணும்னு கேட்டுகினு கீறேன். நீ வரக் கூடாதுன்னு கேக்குற. நீ பெரிய ஆளு, இங்கிலீஷ்லாம் தெரியும். சாமி உன் பேச்சத்தான கேக்கும்?"

குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவனின் குறையை ஏழு வயதுப் பிள்ளை அளவுகோல் இல்லாமல் கண்டுபிடித்துவிட்டது. மெதுவாகப் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"நான் சொன்னது தப்பு பாப்பா. இன்னைக்கு நீ பண்ணு ஜெபம். அங்கிள் ஆமென் சொல்றேன்."

சந்தேகமாகப் பார்த்தாள். பையைக் கழற்றாமலே கைகூப்பினாள்.

"சாமி, எங்கம்மா வந்துரணும். அங்கிள் சொன்னத கண்டுக்காத. அது நல்லவருதான். பாவம், அதுக்குப் புள்ள இல்ல."

எனக்குப் பின்னாலிருந்து மனைவியின் ஆமென் கேட்டது. நான் சொன்னது என் காதிலேயே சரியாக விழவில்லை.

அடுத்த நாளிலிருந்து என் ஜெபம் பாதியாகக் குறைந்தது. முதல் வரியே அந்த அம்மாவுக்காக. ஆரம்பத்தில் கசப்பு மருந்து மாதிரிதான் இருந்தது. மனதார வேண்டினேன் என்று சொன்னால் பொய். சொல்லச் சொல்ல, முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்கு இருமல் நின்றதா, சாப்பிடுகிறாரா என்றெல்லாம் கவலைப்பட ஆரம்பித்தேன். மூன்றாம் நாள், பாப்பாவின் சத்தமான ஆமென் திரும்பி வந்தது.

ஒரு மாதம் கழித்து மேடத்தின் அலுவலகத்தில் அந்த அம்மாவைப் பார்த்தேன். நான் மனதில் வைத்திருந்த தடை, முகக்கவசம் போட்ட, நாற்பது கிலோகூடத் தேறாத ஒரு பெண். மகளைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவே இல்லை. அப்புறம் எங்களைப் பார்த்துக் கும்பிட வந்தார். நான் கூசிப்போய் ஒதுங்கினேன். அப்போது அவள் அம்மாவின் முந்தானையை இழுத்துச் சொன்னாள்:

"ம்மா, இந்த அங்கிள்தான். நீ வரணும்னு டெய்லி ஜெபம் பண்ணிச்சு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த ஒரு நாளை அவள் மறக்கவில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. காட்டிக்கொடுக்கவும் இல்லை.

ஷேர் ஆட்டோ போன பிறகு வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தேன், பைத்தியக்காரன் மாதிரி. மனைவி சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதோம். இந்த முறை எறும்புப் பொடி தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் வந்து, இருந்து, திரும்பிப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் இப்போதெல்லாம் ஜெபத்தில் 'தடை' என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தால், அது எந்தப் பிள்ளையின் அம்மா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.